இன்டேக் மேனிஃபோல்டை வீட்லயே கழட்டி மாட்டுறது எப்படி

இன்டேக் மேனிஃபோல்டுங்கிறது ஒவ்வொரு சிலிண்டருக்கும் காத்தைப் பிரிச்சு அனுப்புற குழாய்த் தொகுதி. சாதாரண 4 சிலிண்டர் பெட்ரோல் கார், போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ள காத்து போற வழியில பெட்ரோல் தெளிக்கிற வகை), பிளாஸ்டிக் மேனிஃபோல்டு, இதை வச்சு சொல்றேன். ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது, உள்ள உஸ்ஸுனு காத்து இழுக்குற சத்தம் கேக்குதுன்னா மேனிஃபோல்டுக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் (சிலிண்டருக்கு மேல இருக்கிற பாகம்) நடுவுல காத்து கசியாம அடைக்கிற கேஸ்கெட்டை சந்தேகப்படலாம், ஆனா அதுக்கு முன்னாடி வேக்குவம் ஹோஸ் எங்கயாவது வெடிச்சிருக்கான்னு பாருங்க, அதுவா இருந்தா கழட்டுற வேலையே இல்ல.

இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை உருவிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, லைன்ல இருக்கிற பெட்ரோல் தீந்து தானா ஆஃப் ஆகும், அப்புறம் பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. இத பண்ணாம ஃபியூயல் ஹோஸ்ல கைய வச்சா பெட்ரோல் பீச்சி அடிக்கும், பக்கத்துல பீடி சிகரெட் எதுவும் கூடாது.

கழட்டுறதுக்கு முன்னாடி எல்லா பக்கமும் போட்டோ எடுத்துட்டு ஒவ்வொரு ஹோஸ்லயும் கனெக்டர்லயும் டேப் ஒட்டி நம்பர் போட்டுடுங்க. ஏர் ஃபில்டர் பைப், த்ராட்டில் பாடி (உள்ள போற காத்தோட அளவைக் கட்டுப்படுத்துற பாகம்) கனெக்டர், மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற காத்தழுத்தத்தை அளக்கிறது), பிரேக் பூஸ்டருக்கு போற தடி ஹோஸ், இப்படி ஒண்ணொண்ணா. பழைய ஹோஸ் வெறச்சு போயிருக்கும், இழுக்காதீங்க, லேசா திருகி கழட்டுங்க. சில வண்டில த்ராட்டில் பாடிக்குள்ள கூலண்ட் ஓடும், அப்படி இருந்தா கொஞ்சம் கூலண்ட் வடிச்சுக்கணும்.

போல்ட்டை வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணிட்டு வாங்க. எல்லாம் கழட்டியும் மேனிஃபோல்டு அசையலன்னா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, கீழ சப்போர்ட் பிராக்கெட்ல கண்ணுக்கு தெரியாம ஒரு போல்ட் இருக்கும், டார்ச் அடிச்சு தேடுங்க.

மேனிஃபோல்டு வெளிய வந்த உடனே ஹெட்ல இருக்கிற போர்ட்டையெல்லாம் (காத்து உள்ள போற ஓட்டைங்க) அடைச்சிடணும், இந்த மொத்த வேலையிலயே முக்கியமானது இதுதான். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிஞ்சு உள்ள போகும், சுத்தமான வேட்டித் துணி பெரிய துண்டா வச்சு அடைங்க, மாட்டும்போது எண்ணி எடுங்க. ஒரு சின்ன நட்டு உள்ள விழுந்தா கூட அத எடுக்காம ஸ்டார்ட் பண்ணவே கூடாது, வால்வு பிஸ்டன் ரெண்டும் காலியாயிடும்.

மேனிஃபோல்டு உள்ள எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பயப்படாதீங்க, பிசிவி (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவ திரும்ப மேனிஃபோல்டுக்கு அனுப்புற வால்வு) வழியா வர்ற ஆயில் ஆவிதான் அது. சென்சார கழட்டி வச்சிட்டு கார்ப் கிளீனர் அடிச்சு தொடைங்க. ஹெட் முகத்த இரும்பு பிளேடு வச்சு சுரண்டாதீங்க, அலுமினியத்துல கோடு விழுந்தா புது கேஸ்கெட் போட்டாலும் காத்து இழுக்கும்.

மாட்டும்போது கேஸ்கெட் கண்டிப்பா புதுசு, பிளாஸ்டிக் காடிக்குள்ள உக்கார்ற ரப்பர் கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பேஸ்ட் தேவையே இல்ல. இன்ஜெக்டர கழட்டியிருந்தா ஓ-ரிங்கும் (வட்டமான ரப்பர் சீல்) புதுசு போட்டு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி எறக்குங்க. போல்ட்டை முதல்ல கையாலயே மறை ஏத்துங்க, அப்புறம் நடுவுல இருந்து வெளிப்பக்கமா ரெண்டு மூணு சுத்தா டைட் பண்ணுங்க. 10 நம்பர் சாக்கெட் போடுற எம்6 போல்ட்டுக்கு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், உங்க வண்டி மேனுவல்ல சரியான அளவு பாத்துக்கங்க. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வாடகைக்காவது வாங்குங்க, பலமா இறுக்குனா பிளாஸ்டிக் விரிசல் விடும், இல்லாட்டி ஹெட்ல மறை போயிடும், அது பெரிய செலவு.

ஃபியூஸ், பேட்டரி மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணாம சாவிய ரெண்டு மூணு தடவ ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் கசியுதான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. பேட்டரி கழட்டுனதால கொஞ்ச நேரம் ஐடிலிங் ஒரு மாதிரி இருக்கும், வண்டி ஓட ஓட சரியாயிடும். அப்பவும் சந்தேகமா இருந்தா கேஸ்கெட் ஓரத்துல தண்ணி லேசா ஸ்ப்ரே பண்ணுங்க, எந்த இடத்துல அடிக்கும்போது ஐடிலிங் மாறுதோ அங்கதான் காத்து இழுக்குது.