மின்வாகனக் கடனும் வரிச் சலுகையும்

மின்வாகனம் வாங்கப் போகிறவர்களிடம் 'கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பித் தவணையைக் கணக்கிடாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவின்படி அந்தச் சலுகை 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டுமே. புதிதாக வாங்கும் கடனுக்குப் பொருந்தாது.

ஆனால் அந்தக் காலத்தில் கடன் வாங்கி இன்னும் தவணை கட்டுகிறவர்கள் இதைக் கைவிட வேண்டாம். கடன் தீரும் வரை ஆண்டுதோறும் கோரலாம். ஸ்கூட்டர் கடனுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு இல்லை. இத்தகைய சலுகைகளை அனுமதிக்கும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வங்கியிடம் வட்டிச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு உறுதியான ஆதாயம் ஜிஎஸ்டியில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் மின்வாகனத்துக்கு 5 சதவீதம்தான். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே முன்பணம் கட்டும் முன் விலைப்பட்டியலை வாங்கி, ஜிஎஸ்டி, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.