ஜாங்கோ ஃபார்மில் டிராப்டவுனைக் காலியாக விட அனுமதிப்பது எப்படி?

பள்ளி மாணவர் சேர்க்கைக்கு, பைதானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு ஃபார்ம் செய்கிறீர்கள். அதில் பஸ் ரூட்டுக்கு ஒரு டிராப்டவுன், ரூட்டெல்லாம் தனி டேபிளிலிருந்து வருகிறது. சரி, நடந்தே வருகிற பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? காலியாக விட்டால் ஃபார்ம் சேவ் ஆகாது. சிலர் ரூட் டேபிளிலேயே 'எதுவுமில்லை' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அது வேண்டாம், நாளைக்கு ரூட் வாரியாகப் பட்டியல் எடுத்தால் அதுவும் ஒரு பஸ்ஸாக வந்து நிற்கும்.

முதலில் மாணவர் டேபிளை விவரிக்கும் மாடலைத் திறந்து, அதை ரூட் டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீ வரியில் நல் (null), பிளாங்க் (blank) இரண்டுக்கும் ட்ரூ கொடுங்கள். ஒன்று போதாதா என்றால், போதாது. நல் டேட்டாபேஸுக்கு, பிளாங்க் ஃபார்முக்கு. நல் மட்டும் போட்டால் ஃபார்ம் பழையபடி அடம்பிடிக்கும். பிளாங்க் மட்டும் போட்டால் ஃபார்ம் பேசாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் சேவ் ஆகிற இடத்தில் டேட்டாபேஸ் இன்டக்ரிட்டி எரரைத் தூக்கிப் போடும்.

அதே வரியில் ஆன் டெலீட், அதாவது ரூட்டை அழித்தால் என்ன ஆக வேண்டும் என்பது, எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். காஸ்கேட் என்று இருந்தால் ஒரு ரூட்டை அழிக்கும்போது அந்த பஸ்ஸில் வரும் மாணவர்களின் பதிவும் சேர்ந்தே போய்விடும்! செட் நல் என்று மாற்றுங்கள். நல் ட்ரூவாக இல்லாத ஃபீல்டில் ஜாங்கோ இதை ஏற்காது.

அப்புறம் இந்த மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோக மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட் கமாண்டுகளை ஓட்டுங்கள். பழைய பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது.

மாடலைப் பார்த்து மாடல்ஃபார்ம் தானாகவே உருவாக்கிய ஃபீல்டு என்றால் இத்தோடு வேலை முடிந்தது. டிராப்டவுனுக்கான மாடல்சாய்ஸ்ஃபீல்டை நீங்களே கையால் எழுதியிருந்தால் மாடலில் செய்த மாற்றத்தை அது கண்டுகொள்ளாது, அங்கே ரெக்வயர்டு என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தாக வேண்டும். டிராப்டவுனின் முதல் வரியில் தெரிகிற கோடுகள் நிரப்புகிறவருக்கு ஒன்றும் சொல்லாது. எம்ப்டி லேபிளில் 'பஸ் தேவையில்லை' என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக, ரூட்டின் பெயரை எடுக்கும் பைதான் வரிகளைத் தேடுங்கள். ரூட் இல்லாத மாணவர் வந்தால் டெம்ப்ளேட் சத்தமில்லாமல் காலியாகக் காட்டும், பைதானோ அட்ரிபியூட் எரர் கொடுத்து நின்றுவிடும். பெயரை எடுக்கும் முன் ரூட் இருக்கிறதா என்று ஒரு இஃப் போடுங்கள். நடந்து வருகிறவர்களை மட்டும் பட்டியலிட ஃபில்டரில் ரூட்டோடு இஸ்நல் சேர்த்து ட்ரூ கொடுத்தால் போதும்.