தாத்தா பெயரில் இருக்கும் வீடு: தெற்கு பிலடெல்பியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு இளம் தம்பதிக்கு வீடு காட்டப் போயிருந்தேன். தெற்கு பிலடெல்பியாவில், ஒன்பதாவது தெரு இத்தாலியச் சந்தையிலிருந்து நாலு நிமிட நடை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய செங்கல் வீடு, வாசலில் சலவைக்கல் படி, கொல்லையில் ஒரு அத்தி மரம். "விற்கிற அம்மா இதே வீட்டில் பிறந்தவங்களாம். பேப்பரெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார் கணவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். ஏஜென்ட் ஆனது அதற்கு அப்புறம்தான்.

வங்கியில் கடன் ஒப்புதலை முதலில் வாங்குங்கள், ஆள் வைத்து வீட்டைச் சோதியுங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். விட்டுவிடுகிறேன்.

பத்திரத்தில் யார் பெயர்?

இந்தப் பகுதிக்கு இத்தாலியர் வந்து பல தலைமுறை ஆகிறது. அமெரிக்காவில் இத்தாலியருக்கென்றே அமைந்த முதல் கத்தோலிக்கப் பங்கு (கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்) இங்கேதான், 1852இல் தொடங்கியது. தாத்தா வாங்கிய வீட்டில் மகள் வளர்வார், அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வார், வரி கட்டுவார், கூரை மாற்றுவார். பத்திரம் மட்டும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. விற்கிற நாள் வரை அது யாருக்கும் தோன்றுவதே இல்லை, அவ்வளவுதான்.

நான் வாங்கப் போன வீட்டிலும் அப்படித்தான். விற்றவருக்கு எழுபது வயது இருக்கும். காபி கொடுத்தார், சொத்து வரி ரசீதைக் காட்டினார். ரசீதில் ஓர் ஆண் பெயர். கணவராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கக்கூட இல்லை. அது அவருடைய அப்பா, இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் கழித்து டைட்டில் கம்பெனி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம், இதைக் கண்டுபிடித்தது. உயில் கிடையாது. வாரிசுகள் என்று பார்த்தால் இந்த அம்மா, நியூ ஜெர்சியில் ஒரு தம்பி, இறந்துபோன இன்னொரு தம்பியின் மனைவி, அவருடைய இரண்டு மகன்கள். அந்த மகன்களில் ஒருவர் ஃபுளோரிடாவில் இருந்தார். ஏதோ சாவு வீட்டுச் சண்டைக்குப் பிறகு அத்தையிடம் பேசுவதில்லை. சிட்டி ஹாலில் உயில் பதிவாளர் அலுவலகத்துக்கு, அறை எண் 180, அலைந்து இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை வாங்கினார்கள். பழைய வாரிசு வரியையும் வட்டியையும் கணக்குப் போட்டார்கள். அதற்குள் எனக்கு வங்கி உறுதி செய்திருந்த வட்டி விகிதம் காலாவதியானது. பணம் கட்டி நீட்டித்தேன், மறுபடியும் காலாவதியானது. நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இன்னொரு வருட ஒப்பந்தம் போட்டேன். ஏழாவது மாதம் ஃபுளோரிடாக்காரர் வாயைத் திறந்தார்: விலை குறைவு, கையெழுத்துப் போட மாட்டேன்.

முன்பணம் திரும்பி வந்தது. சோதனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், வட்டியை நீட்டித்த பணம் எதுவும் வரவில்லை. சுமார் 4,600 டாலர். இன்றும் எரிச்சலாக இருப்பது அந்தப் பணம்கூட இல்லை. நம் ஊரில் வில்லங்கம் பார்க்காமல் நான் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட முன்பணம் கொடுத்திருக்க மாட்டேன். இங்கே இரண்டு நிமிடம் செலவழிக்கவில்லை! நகராட்சியின் சொத்துத் தளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயரும் கடைசியாகக் கைமாறிய தேதியும் விலையும் வந்துவிடும், இலவசமாக. விலை 1 டாலர் என்று இருந்தால் பெரும்பாலும் குடும்பத்துக்குள் மாற்றியது. தேதி ஐம்பது அறுபது வருடம் பழையதாக இருந்தால் உட்கார்ந்து விசாரியுங்கள்.

இது அபூர்வமும் இல்லை. பிலடெல்பியா முழுக்க இப்படிப் பத்திரம் சிக்கலான வீடுகள் 10,000க்கு மேல் என்று பியூ அறக்கட்டளை 2021இல் கணக்கிட்டது.

விற்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அம்மாவின் வீடு என்றால் ஏஜென்டைக் கூப்பிடுவதற்கு முன்பு வக்கீலைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் வாரிசு வரி உண்டு: பிள்ளைகளுக்கு 4.5%, உடன்பிறந்தவர்களுக்கு 12%. இறந்த ஒன்பது மாதத்துக்குள் கட்ட வேண்டும், தாண்டினால் வட்டி ஏறும்.

அந்தத் தம்பதியின் விஷயத்துக்கு வருகிறேன். சலவைக்கல் படியில் நின்றபடியே போனில் பார்த்தேன். வேறொரு பெண்ணின் பெயர், கடைசிக் கைமாற்றம் 1957. உள்ளே போய், இது யார் என்று கேட்டேன். "மம்மா" என்றார் அந்த அம்மா, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி.

"இன்னும் இத்தாலியர்கள்தான் இருக்கிறார்களா?"

இதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள். நம்மவர்கள் "அந்த ஏரியாவில் நம்ம ஆட்கள் இருக்காங்களா" என்று கேட்பதும் அதே ரகம்தான். 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி இனத்தையும் பூர்வீக நாட்டையும் வைத்து வாங்குபவரை ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத் தள்ளிவிடக் கூடாது, அதனால் ஏஜென்ட் பதில் சொல்ல மாட்டார். விற்பவர் விளம்பரத்தில் "இத்தாலியக் குடும்பத்துக்கு ஏற்றது" என்று எழுதினால் வம்பை விலை கொடுத்து வாங்குகிறார். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை சந்தையில் நடங்கள். பாலாடைக்கட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே மெக்சிகோ டாக்கோ கடை, கொஞ்சம் தள்ளி வாஷிங்டன் அவென்யூவில் வியட்நாமியக் கடைத்தொகுதி. தெருவே பதில் சொல்லிவிடும்.

அடித்தளச் சமையலறை

பல வீடுகளில் கீழே இன்னொரு அடுப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தக்காளிக் குழம்பு அங்கேதான் கொதிக்கும், "கிரேவி" என்பார்கள். இதைப் பார்த்துக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே பெரும்பாலான வரிசை வீடுகள் நகரின் நில வகைப்பாட்டில் ஆர்.எஸ்.ஏ-5 மண்டலம், ஒரு குடும்பத்துக்கு மட்டும். விற்பவர் அதை இடித்துவிட்டு விற்பதும் வீண் செலவு. வாங்குபவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

சாக்கடைக் குழாய்

வீட்டிலிருந்து தெருவுக்கு அடியில் உள்ள பொதுச் சாக்கடைக் குழாய் வரைக்கும் உள்ள குழாய் உங்களுடையது. பழைய வீட்டில் அது பெரும்பாலும் சுட்ட களிமண் குழாய். கேமரா விட்டுப் பாருங்கள்.

விற்றவரின் வரி உங்கள் வரி அல்ல

சொத்து வரியில் நெடுநாள் உரிமையாளருக்கும் முதியோருக்கும் சலுகைகள் உண்டு. வீடு கைமாறினால் அவை போய்விடும். வருடத்துக்குத் தற்போதைய மதிப்பில் சுமார் 1.4% என்று கணக்கிடுங்கள். வீடு கைமாறும்போது கட்டும் வரி தனி, மாநிலமும் நகரமும் சேர்த்து 4 சதவீதத்துக்கு மேல். வழக்கமாக இரண்டு தரப்பும் பாதிப் பாதி.

பக்கத்துக் காலி மனை

இரண்டு மனைக்கும் இடையிலுள்ள பொதுச் சுவரை ஒட்டி அஸ்திவாரம் தோண்டப் போகிறார்களா என்று நகராட்சியின் கட்டட அனுமதிப் பதிவில் பாருங்கள்.

வண்டி நிறுத்தம்

இரவு 9 மணிக்குப் போய் இடம் தேடிப் பாருங்கள். யாராவது நாற்காலி போட்டு இடம் பிடித்திருந்தால், அதை நகர்த்தாதீர்கள்.