செம்மறிக் குட்டி எடை ஏற: தீனியும் தண்ணீரும்

பால் மறந்த மூன்று மாதக் குட்டி அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை கிலோ ஏறுகிறது என்பதில்தான் செம்மறி வளர்ப்பின் வருமானம் அடங்கியிருக்கிறது. மேய்ச்சலை மட்டும் நம்பினால் நாளுக்கு 40 முதல் 60 கிராம் ஏறும். கோடையில் அதுவும் நின்றுபோகும். அதே குட்டிக்குத் தீனியும் தண்ணீரும் சரியாகக் கிடைத்தால் 100 கிராமை ஒட்டி வரும். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் எல்லாம் அளவான உடம்புள்ள தமிழ்நாட்டுச் செம்மறி இனங்கள். இங்கே சொல்லும் அளவுகள் இவற்றுக்கானவை. குளிர்நாட்டு இனங்கள் நாளுக்கு கால் கிலோ ஏறுவதைக் காணொளியில் பார்த்துவிட்டு அந்தக் கணக்கை இங்கே போட்டால் தீனிச் செலவுதான் ஏறும்.

முதலில் தண்ணீர்

புண்ணாக்கு விலையைப் பத்துக் கடையில் விசாரிப்பவர்கள்கூடத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் ஆடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். அது சத்தம் போடாது, நோய் மாதிரியும் தெரியாது. எடை மட்டும் ஏறாது.

ஆடு தின்னும் தீனியின் உலர்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் வேண்டும், கோடையில் 4 லிட்டர் வரை. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆடு தொட்டிப் பக்கம் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். மாசிக்குப் பிறகு கடலைக்கொடி, சோளத்தட்டு என்று காய்ந்த தீனிக்கு மாறும்போதுதான் கவனம் வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் 15 கிலோ குட்டி 2 லிட்டருக்கு மேலும், 30 கிலோ தாயாடு 4 முதல் 5 லிட்டரும் குடிக்கும். பால் கொடுக்கும் ஆடு இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். மொட்டை வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் வழியாக வந்த தண்ணீர் கையைச் சுடும். ஆடு முகர்ந்து பார்த்து, நாலு மடக்கு உறிஞ்சிவிட்டுத் திரும்பிவிடும். குழாயில் நிற்கும் சூட்டுத் தண்ணீரை முதலில் திறந்து வெளியே விடுங்கள். தொட்டியை வேம்பு நிழலுக்கு மாற்றுங்கள், இல்லையேல் மேலே ஓலையாவது போடுங்கள். விரலால் உட்சுவரைத் தடவும்போது பச்சையாக வழுக்கினால் பாசி பிடித்துவிட்டது. 15 நாளுக்கு ஒருமுறை தொட்டியை வடித்துத் தேய்த்து, உட்புறம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு நிரப்புங்கள். அடியில் வடிதுளை இல்லாத தொட்டியை யாரும் கழுவ மாட்டார்கள் என்பதால் கட்டும்போதே துளை வைத்துவிட வேண்டும். குட்டிகளுக்கு விளிம்பு ஓர் அடி உயரம் போதும். அதற்கும் தாழ்ந்தால் புழுக்கை விழும்.

குட்டையிலும் வாய்க்காலிலும் குடிக்க விடாதீர்கள். நத்தை இருக்கும் தண்ணீர் ஓரத்துப் புல்லில் ஈரல் புழுவின் இளம்பருவம் ஒட்டியிருக்கும். காலையில் பட்டியிலேயே வயிறாரக் குடித்துவிட்டுப் போகும் ஆடு குட்டையைக் கண்டால் பாயாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அளந்துகொள்ளுங்கள். 3000 வரை செம்மறி தாங்கும். 5000 தாண்டினால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் வேறு தண்ணீர் பார்க்க வேண்டும். தண்ணீரிலேயே உப்பு இருக்கும்போது தீவனக் கலவையில் உப்பைக் குறைத்துவிடலாம்.

ஒரு குட்டிக்கு ஒரு நாள்

வளரும் குட்டி தன் எடையில் ஏறக்குறைய 4 சதவீதம் உலர்ந்த தீனி தின்னும். 15 கிலோ குட்டிக்கு 600 கிராம். மேய விடாமல் கொட்டிலிலேயே வளர்க்கும் முறையில் இதை இப்படிப் பிரிக்கலாம்: கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 1 கிலோ, பயறுவகைத் தீவனமான வேலிமசால் 400 கிராம், கடலைக்கொடி 150 கிராம், தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீவனம் 200 கிராம். பச்சையில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த எடை என்று கழித்துக் கூட்டினால் 600 கிராமை ஒட்டி வரும், புரதமும் 14 சதவீதம் அளவில் அமையும். வளரும் குட்டிக்கு வேண்டியது அதுதான்.

வேலிமசாலை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் ஒட்டுப்புல்லையே போட்டால் வயிறு நிறையும், புரதம் குறையும். பச்சைப்பசேல் என்று புல் இருக்கும் பண்ணையில் குட்டிகள் வயிறு மட்டும் தொங்கி முதுகெலும்பு தெரிய நிற்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். குடற்புழுவும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்துப் புழு நீக்கிய பிறகே தீனியைக் கூட்டுங்கள். ஒட்டுப்புல்லை முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்க வேண்டும். தாமதித்தால் தண்டு முற்றும், அதை ஆடு தொடாது. ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால் கழிவு வெகுவாகக் குறையும்.

பயறுவகைத் தீவனத்துக்கு வேலிமசால்தான் என்றில்லை. அகத்தி, கிளைரிசிடியா, முயல் மசால், தட்டைப்பயறு எதுவும் ஆகும். சூபாபுல் என்றால் பச்சைத்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதில் உள்ள மைமோசின் என்ற நஞ்சு மயிரை உதிர்க்கும், வளர்ச்சியையும் தடுக்கும்.

உலர்தீவனத்தில் கடலைக்கொடிக்கு நிகரில்லை. இலை உதிராமல், மழையில் நனையாமல் போர் போட்டு வைத்தால் கோடை முழுக்கக் கைகொடுக்கும். இலை கொட்டிப்போன வெறும் கொடியை வாங்கினால் பாதிச் சத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்று பொருள். உளுந்து, துவரைப் பொட்டும் நல்லவை. வைக்கோல் வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது.

நாளுக்கு 6, 7 மணி நேரம் மேய்ந்து வரும் குட்டிக்கு மாலையில் 150 கிராம் அடர்தீவனமும் ஒரு கை மரத்தழையும் போதும். விடியலில் பனி ஈரத்தோடு மேய விடாதீர்கள். குடற்புழுவின் இளம்புழுக்கள் அந்த நேரத்தில் ஈரப் புல் நுனியில் இருக்கும்.

அடர்தீவனம் கலக்கும் முறை

நூறு கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 36, தாது உப்புக் கலவை 2, கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள் 1, சமையல் உப்பு 1. இதில் புரதம் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். தாது உப்பு, கால்சைட், உப்பு மூன்றையும் முதலில் 5 கிலோ தவிட்டில் புரட்டிவிட்டுப் பிறகு குவியலோடு கலக்குங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு குட்டிக்கு உப்பும் இன்னொன்றுக்கு வெறும் தவிடும் போகும். மக்காச்சோளத்தை இரண்டு மூன்றாக உடைத்தால் போதும், மாவாக அரைக்காதீர்கள். மாவு வயிற்றில் சீக்கிரம் புளிக்கும், தூசியால் குட்டி தும்மும். மாட்டுக்குப் போல ஊறவைத்துக் கரைக்க வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிசறினால் ஆயிற்று.

மக்காச்சோளம் விலை ஏறினால் கம்பு, சோளம் போடலாம். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) மலிவு. அதில் புரதம் மிகக் குறைவு என்பதால் திப்பி சேர்க்கும் அளவுக்குப் புண்ணாக்கையும் கூட்ட வேண்டும். சீமைக் கருவேலங்காயைக் காயவைத்து அரைத்து 15 கிலோ வரை சேர்க்கலாம். முழுக்காயாகக் கொடுத்தால் விதை செரிக்காமல் வெளியேறி நிலமெல்லாம் முளைக்கும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசணம் தட்டியதை வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் தீவனத்தையோ தாது உப்பையோ செம்மறிக்குப் போடவே கூடாது. அவற்றில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. திடீரென ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், ஆடு விழும். வெள்ளாட்டுக்கு ஆகும் அளவுகூடச் செம்மறிக்கு ஆகாது. கடையில் செம்மறிக்கு என்று சொல்லியே வாங்குங்கள்.

பழக்காமல் கொடுத்தால்

பழக்கமில்லாத குட்டிக்கு முதல் நாளே 200 கிராம் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதல் மூன்று நாள் 50 கிராம், ஏழாம் நாள் வரை 100, பதினோராம் நாள் வரை 150, பன்னிரண்டாம் நாளிலிருந்து 200 என்று ஏற்றுங்கள். காலை மாலை இரு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் நார்த்தீனி தின்ற பிறகே வையுங்கள். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்படி ஒவ்வொன்றுக்கும் முக்கால் அடி தொட்டி நீளம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் வலுத்தது நோஞ்சானின் பங்கையும் தின்று நோயில் விழும், நோஞ்சான் நோஞ்சானாகவே நிற்கும்.

தானியக் குவியலில் வாய் வைத்த ஆட்டுக்கும், விருந்தில் மிஞ்சிய சோற்றைத் தின்ற ஆட்டுக்கும் வயிறு புளித்துப்போகும். அசைபோடாது, பல்லை நறநறக்கும், புளிப்பு வாடையோடு கழியும். உடனே தானியத்தை நிறுத்தி, எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, தலையை மேலே தூக்காமல் கடைவாய் வழியாக மெதுவாகப் புகட்டுங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்துவிட்ட பிறகு சோடாவால் பயனில்லை.

துள்ளுமாரி நோய் இருப்பதிலேயே கொழுத்த குட்டியைத்தான் முதலில் கொண்டுபோகும். தீனி திடீரென வளமாகும்போதும், மழைக்குப் பின் இளம்புல் மேயும்போதும் குடலில் உள்ள கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். இரவு நன்றாகத் தின்ற குட்டி காலையில் செத்துக் கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் இரு தவணை போட்டு முடித்துவிட்டுத் தீவனத்தைக் கூட்டுங்கள்.

கிடாக்குட்டிகளுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு: சிறுநீர் அடைப்பு. தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதோடு தண்ணீரும் குறைந்தால் சிறுநீர்ப்பையில் மணல் போலக் கல் சேர்ந்து, கிடாயின் நுண்ணிய குழாயில் சிக்கும். பார்த்தால் தெரியும்: குட்டி முதுகை நெளித்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும். அடிவயிற்று மயிரைப் பிரித்துப் பாருங்கள். நுனியில் வெண்மணல் ஒட்டியிருந்தால் கல்தான். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கலவையில் கால்சைட்டும் உப்பும் சேர்ப்பது இதற்காகத்தான். சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும், உப்பு தின்றால் ஆடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்.

சோளப் பயிரில் இளங்குருத்தும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்ததும் சயனைடு நஞ்சு கொண்டவை. பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள். மரவள்ளி இலையையும் பச்சையாக வேண்டாம், நன்றாக உலர்த்திக் கொடுங்கள்.

தாயும் பால்குட்டியும்

சினைக்காலம் ஐந்து மாதம். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடக்கும். அப்போது தாயாட்டுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் குட்டி எடையோடு பிறக்கும், மடியும் சுரக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். இரண்டாம் வாரத்தில் குட்டி மட்டும் நுழையும் இடைவெளி விட்டு ஒரு தடுப்பு கட்டி, உள்ளே கொஞ்சம் அடர்தீவனமும் இளந்தழையும் தண்ணீரும் வையுங்கள். பால் மறக்கும்போது சோர்ந்து எடை இழக்காமல் இருக்க இந்தத் தடுப்புதான் உதவும்.

தராசும் சந்தையும்

தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை காலையில் தீனிக்கு முன் நிறுத்து, காது எண்ணோடு எழுதி வையுங்கள். அடர்தீவனம் கிலோ 32 ரூபாய் என்று வைத்தால் 200 கிராம் 6 ரூபாய் 40 காசு. அதனால் நாளுக்கு 50 கிராம் கூடுதலாக ஏறி, உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்குப் போனால் 20 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு எல்லாக் குட்டிக்கும் ஒத்துவராது. புழு நீக்கி, முறையாகப் பழக்கி, ஒரு மாதம் கொடுத்தும் அசையாத குட்டியை மேலும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வயது ஏற ஏற, ஏறும் எடையில் கொழுப்பு கூடும், அதற்குச் செலவாகும் தீனியும் கூடும். அடுத்தடுத்து இரண்டு நிறுவையில் ஏறிய எடையின் மதிப்பு தின்ற தீனியின் விலையைத் தொடவில்லை என்றால் அடுத்த சந்தைக்கு அந்தக் குட்டியை ஏற்றுங்கள். பக்ரீத்துக்குக் கேட்பது பெரும்பாலும் ஓராண்டு நிறைந்த கிடாய் என்பதால், அதற்கென நிறுத்தும் கிடாயை மட்டும் மேய்ச்சலில் வைத்து, கடைசி மூன்று மாதம் தீவனத்தைக் கூட்டுவது மலிவு. வண்டி ஏற்றும் காலையில் கடலைக்கொடியும் தண்ணீரும் கொடுங்கள். அடர்தீவனம் அன்றைக்கு வேண்டாம், வண்டி ஆட்டத்தில் வயிறு உப்பும்.