மின்சாரச் சரக்கு வண்டி: இராமநாதபுரம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் மீன், ஐஸ், மிளகாய், கரி ஆகியவற்றை ஏற்றிச் செல்வோரிடம் மின்சார பிக்கப் வண்டி பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி எத்தனை கிலோ தாங்கும் என்பது. அடுத்த கேள்வி ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், அதாவது ரேஞ்ச் எவ்வளவு என்பது. இரண்டுக்கும் விற்பனைக் கையேட்டிலேயே விடை இருக்கிறது. ஆனால் மேடு பள்ளம் இல்லாத இந்தக் கரையில் ரேஞ்சைத் தின்பது பெரும்பாலும் எடை அல்ல. எதிர்க்காற்றும், வண்டியின் வேகமும், அடுக்கிய சரக்கின் உயரமும்தான். வாங்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதைக் கணக்கில் கொள்ளாததால் வருபவை.

கையேட்டில் உள்ள ரேஞ்சை அப்படியே நம்பி நடையைத் திட்டமிடுவது முதல் தவறு. குட்டி யானையின் மின்சார வடிவமான டாடா ஏஸ் இவி 2022-இல் அறிமுகமானபோது, அதன் 21.3 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 154 கி.மீ. ரேஞ்ச் சான்றளிக்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல், வகுத்துரைத்த வேகங்களில் நடப்பது. அங்கே எதிர்க்காற்று கிடையாது, ஏலக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரமும் கிடையாது. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கி.மீ.; போய்வர 110. காகிதத்தில் 44 கி.மீ. மிச்சம் இருக்கும். சாலையில் அந்த மிச்சத்தை நம்பிக் கிளம்ப முடியாது. இந்த அளவு பேட்டரி உள்ள வண்டிக்கு 100 கி.மீ.க்கு மேல் திட்டமிடாமலிருப்பதும், இராமநாதபுரத்தில் சரக்கு இறக்கும் நேரத்தில் சிறிது சார்ஜ் ஏற்றிக்கொள்வதும்தான் என் கணிப்பில் பாதுகாப்பானவை. இராமேஸ்வரத்திலிருந்து 170 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கு நேரே ஓட்டிவிடலாம் என்று எண்ணி இவ்வகை வண்டியை வாங்குவோர் டீசல் வண்டியை விற்காமல் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது தவறு காற்றைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். காற்றுத் தடை, வண்டி காற்றைச் சந்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டிக்கு எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அது சந்திக்கும் வேகம் 85 ஆகிறது. தடை இரண்டு மடங்காகிவிடுகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், கணக்கு நேராகிவிடும் என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. அது நேராவதில்லை: திரும்பும் வழியில் தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், இரு வழிகளையும் கூட்டிப் பார்த்தால் காற்றே இல்லாத நாளைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாகவே தடை நிற்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் மேற்கு நோக்கிச் சரக்குடன் போகும் பயணமும், வாடைக் காலத்தில் கிழக்கு நோக்கி வீடு திரும்பும் பயணமும் கடினமானவை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைக்கும் வழக்கம் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், பக்கத்துச் சாலைப் பாலத்தில் போகும் சிறு வண்டியின் நிலை புரியும்.

இதனால்தான் சரக்கின் எடையைவிட அதன் உயரம் முக்கியமாகிறது. தார்ச்சாலையில் 400 கிலோ கூடுதல் எடையை உருட்ட ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 வாட்-மணிதான் கூடுதலாகச் செலவாகும். அதே வண்டியில் முண்டு மிளகாய் மூட்டைகளையோ கரி மூட்டைகளையோ கேபினுக்கு மேல் முக்கால் மீட்டர் உயர்த்திக் கட்டி, மேலே சொன்ன எதிர்க்காற்றில் 60-இல் ஓட்டினால், காற்று மட்டுமே அதைப்போல நான்கைந்து மடங்கு மின்சாரத்தைக் கேட்கும். தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் இன்னும் கூடும். மூட்டைகளைத் தாழ்த்தி அடுக்கி, தார்ப்பாயை இறுகக் கட்டி, வேகத்தை 45-க்குக் குறைப்பது, பெரிய பேட்டரி உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிடப் பல நாட்களில் அதிகப் பலன் தரும்.

மீன் வியாபாரிகள் செய்யும் தவறு வேறு வகையானது. 600 கிலோ தாங்கும் வண்டியில் 600 கிலோ மீன் போகும் என்று கணக்கிடுகிறார்கள். நம் வெயிலில் மீனுக்குச் சமமான எடையில் ஐஸ் போடுவதே பரிந்துரைக்கப்படும் அளவு. பெட்டிகளின் எடையையும் சேர்த்தால், மீன் 300 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். இதை உணராமல் அளவுக்கு மேல் ஏற்றினால் ரேஞ்ச் குறைவதைவிட டயரும் பிரேக்கும் முதலில் பாதிக்கப்படும். ஐஸ் உருகி வழியும் நீர் அடிச்சட்டத்தில் இறங்காதபடி குழாய் வைத்து வெளியேற்றுவதும் அவசியம். உப்புக்காற்றே போதும், உப்புநீரும் சேர்ந்தால் மின் இணைப்புகள் அரிக்கப்படும். வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவ வேண்டும். ஆனால் சர்வீஸ் நிலையத்து அழுத்தப் பம்பை உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள்களின் இணைப்புகளுக்கு நேரே பிடிக்கக் கூடாது.

இனி, இழுவை. படகை டிரெய்லரில் வைத்து இழுக்கலாம் என்ற ஆசைக்கு அமெரிக்க வண்டிகளின் காணொளிகளே காரணம். போர்டு எஃப்-150 லைட்னிங் போன்றவை ஏறத்தாழ 4,500 கிலோ வரை இழுக்கும் தகுதி பெற்றவை. ஆனால் அங்கும் உயரமான டிரெய்லரைக் கட்டினால் ரேஞ்ச் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஓர் அமெரிக்க மோட்டார் இதழ் அந்த வண்டியைக் கொண்டு நடத்திய சோதனையில், சுமார் 1,400 கிலோ டிரெய்லருடன் ஏறத்தாழ 185 கி.மீ. ஓடியது, சுமார் 3,300 கிலோ டிரெய்லருடன் 145 கி.மீ. ஓடியது. எடை இரட்டிப்புக்கு மேல் கூடியும் ரேஞ்ச் ஐந்தில் ஒரு பங்களவே குறைந்தது. பெரும் இழப்பு, எந்த உயரமான டிரெய்லரைக் கட்டினாலும் காற்றினாலேயே ஏற்பட்டுவிடுகிறது. நம் சிறிய சரக்கு வண்டிகளின் நிலை முற்றிலும் வேறு. கையேட்டில் இழுவை எடை என்று ஒன்று குறிப்பிடப்படாவிட்டால், கொக்கியைப் பற்றவைத்து டிரெய்லர் மாட்டுவது உத்தரவாதத்தையும் காப்பீட்டையும் ஒருசேர இழக்கும் வழி. தளர்ந்த கடற்கரை மணலில் உருளுதடை, அதாவது சக்கரம் உருள்வதற்கான தடை, தார்ச்சாலையைப்போல இருபது மடங்கு வரை போகும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தரும் என்பது உண்மைதான். ஆனால் அசையாத சக்கரத்தோடு அதைத் தொடர்ந்து கேட்டால் மோட்டார் சூடேறி, கட்டுப்பாட்டுக் கருவி தானே ஆற்றலைக் குறைத்துவிடும். ஃபைபர் படகைக் கரையேற்றும் வேலை டிராக்டருக்கே உரியது.

சார்ஜ் தீர்ந்த வண்டியை, டீசல் வண்டியை இழுப்பது போலக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் பெருந்தவறு. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகலாம். இயக்கும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கியோ, தட்டையான லாரியில் ஏற்றியோதான் கொண்டுசெல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பல வண்டிகள் ஓடாமல் நிற்கும். அப்போது முழு சார்ஜுடனோ, வற்றிய பேட்டரியுடனோ வெயிலில் விட்டுவைக்காமல், பாதியளவு சார்ஜில் நிழலில் நிறுத்த வேண்டும். பெரிய பேட்டரி நலமாக இருந்தும் 12 வோல்ட் சிறிய பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி உயிர்பெறாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள வண்டியில், நீண்ட நாள் நின்றபின் திரையில் தெரியும் சதவீதம் பிழையாக இருக்கக்கூடும். முதல் லோடு ஏற்றுவதற்கு முந்தைய இரவே 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டி, தாழ் மின்னழுத்தத்தையும் மின்தடையையும் கணக்கில் கொண்டு எட்டு மணி நேரமாவது ஒதுக்கி, 100 சதவீதம் வரை ஏற்றினால் அந்தக் கணக்கு மீண்டும் சரியாகும்.