ஓடுவதற்கு முன்னால் என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம்: பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு ஒரு செய்முறை

வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடுகிறீர்கள், பரிசு வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் பாதி வழியில் வயிறு பிசைகிறது, இல்லாவிட்டால் மூச்சு நன்றாக இருந்தும் காலில் தெம்பு இல்லை. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். காய்கறி சாப்பிடுங்கள், பொரித்ததைக் குறையுங்கள் என்ற பாடம் இங்கே கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஓடத் தொடங்கியவர்களுக்கு வரும் வயிற்றுத் தொல்லையில் பெரும்பகுதி, என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட எப்போது சாப்பிட்டார்கள் என்பதால் வருகிறது என்பது என் கணிப்பு. நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் இவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இதைத் தொடுங்கள்.

படி 1: ஓட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நிதானமான ஓட்டம் ஒரு வகை, அதைத் தாண்டுகிற லாங் ரன் இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே சாப்பாட்டு விதி பொருந்தாது.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் தேனும் இதில் சேர்த்திதான்) உடம்பு கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்த்து வைக்கிறது: தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இரவு தூங்கும்போது மூளைக்குத் தீனி போட்டே கல்லீரல் இருப்பு நன்றாகக் குறைந்துவிடும், தசையில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் காலையில் எழுந்து வெறும் வயிற்றில் அரை மணி, முக்கால் மணி ஓடுவதால் ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தம்ளர் தண்ணீர் போதும்.

இங்கேயே இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி, அவ்வளவுதான். ஓடியதற்குப் பரிசாக ஒரு பெரிய கேக் துண்டு சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, கேக் பிடிக்கும் என்பதற்காகச் சாப்பிடுங்கள், ஓடியதைக் காரணம் காட்ட வேண்டாம்.

படி 2: முந்தைய இரவு

லாங் ரன்னுக்கு முந்தைய இரவு மட்டும் சோறு, பிரெட், உருளைக்கிழங்கு போன்றவற்றைக் கொஞ்சம் கூட்டி, பருப்பு வகை, பச்சைக் காய்கறி, எண்ணெய் மிகுந்தவை ஆகியவற்றைக் கொஞ்சம் குறையுங்கள். மற்ற ஆறு நாளும் நார்ச்சத்து நல்லது. அந்த ஓர் இரவு மட்டும் அது மறுநாள் காலைக்கு வேலை வைத்துவிடும்.

படி 3: கடிகாரம் (நிறையப் பேர் தடுக்கி விழும் இடம்)

ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்கும், சூட்டை வெளியேற்ற தோலுக்கும் போகிறது, வயிற்றுக்குக் கிடைப்பது குறைகிறது. அந்த நேரத்தில் வயிற்றில் பாதி செரித்த உணவு இருந்தால் குமட்டல், பிடிப்பு, ஏப்பம் எல்லாம் வரும். கொழுப்பும் நார்ச்சத்தும் இருக்கும் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். அதனால்தான் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிரெட்டும் தேன் தடவிய பிரெட்டும் ஓட்டத்துக்கு முன்னால் ஒன்றல்ல, நாள் முழுக்கப் பார்த்தால் முதலாவதுதான் சத்து என்றாலும்கூட.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடப் போகிறவர்களுக்கு விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு: ஓட்டத்துக்கு 1 முதல் 4 மணி நேரம் முன்னால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து. இதைப் படித்துவிட்டுத்தான் குழம்புகிறார்கள், ஒரு மணி நேரம் முன்னால் 4 கிராம் கணக்கில் அடைத்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நேரம் குறையக் குறைய அளவும் குறைய வேண்டும். நான் கைக்கொள்வது சுலபம்: எத்தனை மணி நேரம் இருக்கிறதோ, கிலோவுக்கு அத்தனை கிராம். ஒரு மணி நேரம் இருந்தால் 60 கிலோ எடைக்கு 60 கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் இருக்கும், இரண்டு துண்டு பிரெட்டும் மெலிதாகத் தேனும் சேர்த்தால் அந்த அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். அரை மணி நேரம்தான் இருக்கிறதா? வாழைப்பழம் மட்டும்.

மூன்று மணிக்கு அலாரம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு ஓடுவதா என்றால், வேண்டாம், தூங்குங்கள். இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தால் காலையில் ஒரு பழம் போதும்.

உங்கள் வயிற்றுக்கு எது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை நிமிடம் முன்னால், வயிறு எப்படி இருந்தது, இந்த மூன்றுதான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உணவையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது. கைபேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. அவை கலோரியைக் கேட்டுக் குடைகின்றன, வயிறு எப்படி இருந்தது என்று ஒன்றுகூடக் கேட்பதில்லை. பந்தய நாளில் புதிதாக எதையும் முயல வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: ஓடும்போது

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றும் வேண்டாம். ஒன்றரை மணியை நெருங்கினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை: 1924 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், களைத்து விழுந்தவர்களுக்குச் சர்க்கரை அளவு மிகவும் குறைந்திருந்ததைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு சில ஓட்டக்காரர்களுக்கு வழியில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன் தெரிந்தது. மிட்டாய்தான் இன்று பளபளப்பான உறையில் ஜெல்லாக வருகிறது. ஜெல் எடுத்தால் கூடவே தண்ணீர் குடியுங்கள், இல்லாவிட்டால் வயிற்றில் கெட்டியாக நின்றுவிடும்.

நான் வீட்டிலேயே கலக்குவேன்: அரை லிட்டர் தண்ணீர், 30 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டியில் பாதி உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இது 6 சதவீதக் கரைசல், கடையில் விற்கும் விளையாட்டு பானங்களும் ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம்தான். கண்ணளவில் போடாதீர்கள், சமையலறைத் தராசில் நிறுங்கள். சர்க்கரை இரு மடங்கானால் சக்தி இரு மடங்கு கிடைக்கும் என்று தோன்றும், கிடைப்பது வயிற்றுப்போக்காகவும் இருக்கலாம். எடுத்துப் போக மென்மையான, அமுங்கும் குப்பிதான் என் கட்சி. குடிக்கக் குடிக்கச் சுருங்குவதால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் இருக்காது. இடுப்பில் கட்டும் பெல்ட் குதித்துக்கொண்டே வரும், பழகியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

படி 5: எவ்வளவு குடிப்பது

ஓடுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு உடையில்லாமல் எடை பாருங்கள். 60.0 கிலோ 59.2 ஆகி, இடையில் 300 மில்லி குடித்திருந்தால் வியர்வையில் போனது சுமார் 1.1 லிட்டர். சிறுநீர் கழித்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். வெயில் நாளில் ஒன்று, குளிர் நாளில் ஒன்று என்று இரண்டு தடவை செய்து நோட்டில் எழுதிவிட்டால் போதும்.

போனது முழுவதையும் ஓடும்போதே திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அதுதான் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் (உப்பில் இருப்பது, தண்ணீர் அதிகமானால் நீர்த்துப்போகும்) இயல்பைவிடக் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியதும் அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள்.

படி 6: ஓடி முடித்தபின்

அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீண் என்று பயமுறுத்துவார்கள். அன்றே மறுபடி ஓடப் போகிறவர்களுக்குத்தான் அந்த அவசரம். நமக்கு நிதானமாகக் குளித்துவிட்டு வந்து, 20 முதல் 25 கிராம் புரதம் வருமாறு சாப்பிட்டால் போதும்: மூன்று முட்டையும் ஒரு தம்ளர் பாலும் அந்த அளவுக்கு வந்துவிடும், கூடவே மாவுச்சத்துக்கு ஏதாவது.

உண்மையைச் சொன்னால், நான் ஓடுவதில் பாதி இதற்காகத்தான். உப்பும் மிளகும் தூவிய சூடான முட்டை, குளிர்ந்த ஆரஞ்சுச் சுளை, எங்கும் போகும் அவசரம் இல்லாமல் குடிக்கும் காபி. வேறெந்த நாளிலும் இவற்றுக்கு இந்த ருசி வருவதில்லை. லாங் ரன்னுக்கு மறுநாள் மதியம் திடீரென்று ஒரு கொலைப்பசி வரும், அதற்குப் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயம் மேலே விட்டுப்போயிருக்கிறது.

மாலையில் ஓடுபவர்கள்: மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு 6 மணிக்கு ஓடினால் அது ஐந்து மணி நேர இடைவெளி, பலருக்கு அதுதான் தெம்பில்லாமைக்குக் காரணம். 5 மணிக்கு ஒரு பழமோ ஒரு துண்டு பிரெட்டோ சாப்பிட்டால் சரியாகிவிடும்.

காபி: ஓடுவதற்கு முன்னால் குடிக்கலாம், ஆனால் அது குடலையும் கிளப்பிவிடும் என்பதால் கழிப்பறைக்கு நேரம் வைத்துக் குடியுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் மாலை ஓட்டத்துக்கு வேண்டாம். காபியும் டீயும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

குப்பியில் நாற்றம்: சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் இது வரத்தான் செய்யும். வீட்டுக்கு வந்தவுடன் கழுவி, தண்ணீரை உதறிவிட்டு ஃபிரீசரில் போட்டுவிடுங்கள், பூஞ்சை வளராது. உறிஞ்சும் முனையைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும், நாற்றம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.