எல்லாரும் 'கூறுகிறார்'தானா?

கோலாலம்பூரில் தமிழில் ஆய்வேடு எழுதும் ஒரு மாணவி பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) வரைவைக் காட்டினார். ஒரே பக்கத்தில் 'கூறுகிறார்' பதினோரு முறை. மாற்றச் சொன்னேன். அடுத்த வாரம் மொழிகிறார், பகர்கிறார், இயம்புகிறார், செப்புகிறார் என்று வந்து நின்றது. முதலில் இருந்ததே தேவலை.

அலுப்புத் தட்டுகிறதே என்று வினையை மாற்றுவதுதான் முதல் தவறு. மேற்கோளுக்கு உரியவர் அந்த இடத்தில் என்ன செய்தார்? போகிற போக்கில் தொட்டாரா, சான்று அடுக்கினாரா, ஊகித்தாரா? அதைப் பார்த்துதான் குறிப்பிடுகிறார், நிறுவுகிறார், கருதுகிறார் என்று எழுத வேண்டும்.

கால்டுவெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் சான்றுகளோடு நிறுவினார். இங்கே 'கருதினார்' என்றால் அவர் உழைப்பைக் குறைத்துவிடுகிறோம். 'முதன்முதலில் கண்டுபிடித்தார்' என்றாலோ, தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல என்று 1816லேயே எழுதிய சென்னை ஆட்சியர் எல்லிஸ் காணாமல் போகிறார். அதே நூலில் கால்டுவெல் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகளோடு (துருக்கியம், ஃபின்னியம் போன்றவற்றுக்கு அவர் தந்த பொதுப்பெயர்) உறவுபடுத்தவும் செய்கிறார். அது நிலைக்கவில்லை. அங்கே 'நிறுவினார்' கூடவே கூடாது, 'கருதினார்' போதும். ஆள் ஒருவர், நூல் ஒன்று, வினை இரண்டு. நூலைத் திறக்காமல் இரண்டாம் கைத் தகவலை வைத்து எழுதுபவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

'சுட்டிக்காட்டுகிறார்' என்று எழுதினால் அந்தச் செய்தி உண்மை என்று நீங்களும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அடுத்த வரியிலேயே 'ஆனால் இது சரியல்ல' என்று தொடங்கினால் வாசிப்பவர் குழம்புவார். மறுக்கப் போகிறீர்களா? 'வாதிடுகிறார்' அல்லது வெறும் 'என்கிறார்' போதும். 'ஒப்புக்கொள்கிறார்' இன்னும் மோசம்; ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல ஆகிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. மலாய்க் கட்டுரைகளில் 'மெண்டாக்வா' என்ற வினை வரும். நீதிமன்றச் செய்தியில் அது குற்றஞ்சாட்டுவது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு கருத்தை உறுதியாக முன்வைப்பது, அவ்வளவே. நாளிதழ்ப் பழக்கத்தில் 'ஆய்வாளர் குற்றஞ்சாட்டுகிறார்' என்று மொழிபெயர்த்தால், பாவம், அந்த மனிதர் யார் மீதும் வழக்குப் போடவில்லை.

அப்புறம் பெயர் சொல்லாமல் நழுவுவது. 'என்மனார் புலவர்' என்றார் தொல்காப்பியர். மாற்றுரையைச் சொல்லும்போது 'என்று உரைப்பாரும் உளர்' என்பார் பரிமேலழகர். அவர்களுக்குச் செல்லும். ஆய்வேட்டில் 'சிலர் கருதுகின்றனர்' என்று எழுதிப் பாருங்கள், மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பு மையில் 'யார்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்.